கொங்கு மாப்பிள்ளைக்கு போட்டோவில் சிரிப்பு வராதா?

கோபிக்காரத் தம்பி கேட்டது, ஜூலை 19

அண்ணா, தொழிலுக்கு வந்து ரெண்டு வருசந்தான் ஆகுது. கேமரா லென்ஸ் எல்லாம் கடன்லதான் எடுத்திருக்கேன். நிச்சயதார்த்தத்துல பொண்ணுங்க எப்படியோ நின்னுக்கறாங்க. மாப்பிள்ளைங்கதான் கரண்ட் கம்பம் மாதிரி நிக்கறாங்க. சிரிங்கன்னா பல் டாக்டர்கிட்ட காட்டற மாதிரி வாயைத் திறக்கறாங்க. நம்ம பக்கத்து ஆம்பளைக்கு போட்டோவுல சிரிப்பு வராதுங்கறது என்னோட முடிவு. என்ன போஸ் குடுக்கறதுங்க?

ஜூலை 19, இரவு

ஆடி பிறந்துவிட்டது, மண்டபங்கள் காலி, கையில் வேலையும் இல்லை. அதனால் நீளமாகவே எழுதுகிறேன்.

தம்பி, முடிவு தப்பு. அதே மாப்பிள்ளை பந்தி நடக்கிற இடத்தில் பங்காளிகளோடு நிற்கும்போது போய்ப் பாருங்கள், கடைவாய்ப் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருப்பார். நீங்கள் அவரை அங்கிருந்து கூட்டி வந்து, மொத்தமாகவே ஒன்றரை மணி நேரம் பேசியிருக்காத ஒரு பெண்ணுக்குப் பக்கத்தில் நிறுத்தி, எதிரே மாமனார், மச்சான், பெரியப்பா என்று நாற்பது ஒறம்பரை வேடிக்கை பார்க்க, 'தோள்ல கை போடுங்க ப்ரோ' என்கிறீர்கள். நானாக இருந்தாலும் கம்பம்தான்.

போஸ் கொடுப்பதை விட்டுவிட்டு கைக்கு வேலை கொடுங்கள். காங்கேயம், தாராபுரம் பக்கம் இருபத்திரண்டு வருடம் எடுத்ததில் நான் கண்டது இது ஒன்றுதான். விறைப்பு கையில்தான் ஆரம்பிக்கும். கை சும்மா தொங்கினால் விரல் மடங்கும், தோள் ஏறும், கழுத்து உள்ளே போகும், அதற்கப்புறம் முகத்தைப் பார்த்து சிரி சிரி என்று கத்தி என்ன பிரயோஜனம்.

ஜூலை 20

உதாரணம் கேட்டிருந்தார்கள். காங்கேயத்துக்குத் தெற்கே ஒரு தோட்டத்தில் எடுத்தது. மாப்பிள்ளை ஐடியில் இருக்கிறவர், சட்டை காலரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். அரை மணி நேரம் எடுத்ததில் ஒரு படமும் தேறவில்லை. பொழுதோட மாட்டைப் பிடித்துக் கட்ட ஆள் வந்தார். மாப்பிள்ளையிடம் 'நீங்களே புடிச்சுட்டு வாங்களேன்' என்றேன். காளையின் மூக்கணாங்கயிறு கைக்கு வந்ததும் ஆளே வேறு. நடை மாறிவிட்டது. பெண் பத்தடி தள்ளி நின்று 'முட்டுமாங்க?' என்று கேட்டது. 'நம்மளையெல்லாம் முட்டாதுங்க' என்றார். அந்த 'நம்மளை'யில் இரண்டு பேருமே சிரித்துவிட்டார்கள். அப்போது அந்தப் பெண்ணின் கை அவருடைய சட்டையை முழங்கைக்கு மேலே லேசாகப் பிடித்திருந்தது. நான் சொல்லிப் பிடித்ததல்ல. நான் கவனித்ததே ராத்திரி கம்ப்யூட்டரில் போட்ட பிறகுதான்.

இடமும் ஒரு காரணம். நம் கொறங்காட்டில், அதாவது மாடு மேய்கிற காட்டில், கிளுவை வேலி ஓரத்தில் வெள்வேல் மர நிழல் இருக்குமே, அந்த மாதிரி வெளிச்சம் காசு கொடுத்தாலும் கிடைக்காது. மேலே நிழல், மூன்று பக்கமும் திறந்த வெளி, முகத்தில் கண்ணுக்குக் கீழே கறுப்பு விழாது.

ஜூலை 20, கொஞ்ச நேரம் கழித்து

மேலே எழுதியதில் ஒரு திருத்தம். வெளிச்சம் சும்மா கிடைக்கும்தான், ஆனால் ஆடி, ஆனியில் காற்று கூடவே வரும். பாலக்காட்டுக் கணவாயில் நுழைந்து உடுமலை, பல்லடம் காற்றாலைகளைச் சுற்றுகிற அதே காற்றுதான் என் குடை விளக்கையும் தூக்கிப் போய் தென்னைமரத்தில் அடித்தது. ஸ்டாண்டுக்கு மணல் மூட்டை கட்டுங்கள். லைட் பிடிக்கிற பையன் பிடித்துக்கொள்வான் என்று நம்ப வேண்டாம், அவன் போன் பார்த்துக்கொண்டிருப்பான்.

ஜூலை 23

பொள்ளாச்சியில் இருந்து ஒருவர், தென்னந்தோப்பில் எடுத்தால் முகமெல்லாம் புள்ளி புள்ளியாக வெயில் விழுகிறது, தோலும் பச்சையடிக்கிறது என்கிறார். சரிதான். ஓலைக்கு நடுவே வருகிற வெயில் அப்படித்தான் விழும், பச்சை இலையில் பட்டுத் திரும்புகிற வெளிச்சம் பச்சையாகத்தான் இருக்கும். தோப்புக்கு உள்ளே போகாதீர்கள். விளிம்பில், வரப்புப் பக்கம் முகத்தைத் திருப்பி நிறுத்துங்கள், தோப்பு பின்னணியாக மட்டும் இருக்கட்டும். இன்னொன்று, ஆனைமலை அடிவாரத்தில் பொழுது நேரத்திலேயே மலைக்குப் பின்னால் போய்விடும். போனில் சூரியன் மறையும் நேரம் பார்த்துவிட்டு ஆறு மணிக்குப் போய் நின்றால் வெறும் நிழல்தான். டாப்சிலிப் பக்கம் காட்டுக்குள் போவதென்றால் முதலில் வனத்துறை அனுமதி. அது புலிகள் காப்பகம், யாரோ ரீல்ஸ் எடுத்தார்கள் என்று நீங்களும் கிளம்ப வேண்டாம்.

லென்ஸ் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். 35 மில்லியை முகத்துக்கு இரண்டடியில் கொண்டுபோனால் மூக்கு முன்னே வரும், காது பின்னே ஓடும். பழியை லென்ஸ் மேல் போடுவார்கள், உண்மையில் அது தூரம் செய்கிற வேலை. நான் 85 மாட்டுவது அழகுக்காக இல்லை. எட்டு பத்தடி தள்ளி நிற்கலாம். கூச்சப்படுகிற ஜோடிக்கு அந்த எட்டடி பெரிய உபகாரம்.

ஜூலை 24

வெள்ளைச் சட்டை. இதை யாரும் கேட்கவில்லை, ஆனால் நம் பக்கத்தில் பாதிப் படம் கெடுவது இதில்தான். மாப்பிள்ளை வெள்ளை வேட்டி வெள்ளைச் சட்டை, சுற்றி நிற்கிற மாமன் மச்சான் அத்தனை பேரும் வெள்ளை. கேமரா மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் என்று நினைத்துத்தான் கணக்குப் போடும். இவ்வளவு வெள்ளையைக் கண்டதும் வெளிச்சம் ஜாஸ்தி என்று குறைத்துவிடும். வேட்டி துவைக்காதது மாதிரி ஆகும், வெயிலில் வேலை பார்த்த முகம் இன்னும் கறுக்கும். கேமராவில் வெளிச்ச அளவை முக்கால் ஸ்டாப் ஏற்றினால் முகம் வந்துவிடும். ஆனால் நேர் வெயிலில் ஏற்றினால் வேட்டி மடிப்பு, கரை எல்லாம் கரைந்துபோய் வெறும் வெள்ளைத் தாள், அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. ஆகவே நிழலுக்குக் கொண்டுவந்து, ஒரு தெர்மாகோல் அட்டையை இடுப்பு உயரத்தில் பிடித்து முகத்துக்கு வெளிச்சம் ஏற்றுங்கள். முப்பது நாற்பது ரூபாய் சமாச்சாரம்.

அப்படிப் பார்த்துப் பார்த்து எடுத்துக் கொடுத்ததை ஒரு ஆல்பக் கடையில் மொத்தப் பேரையும் மைதா மாவில் முக்கி எடுத்த மாதிரி வெளுத்து அனுப்பினார்கள். கேட்டால் 'எல்லாரும் அப்பிடித்தாங்க கேக்கறாங்க' என்றார்கள். அதுவும் பொய்யில்லை. கேட்கிறார்கள்.

ஜூலை 27

பல்லடத்துக்காரர் ஒருவர் என் கைக்கு வேலைக் கொள்கையை உடைக்க வந்திருக்கிறார். உலகத்தில் பேர் போன உருவப்படமே கையில் இருந்ததைப் பிடுங்கி எடுத்ததுதானே என்கிறார். 1941 டிசம்பரில் கனடாவின் ஒட்டாவா நாடாளுமன்றத்தில் யூசுப் கார்ஷ் எடுத்த சர்ச்சில் படத்தைச் சொல்கிறார். சுருட்டை வைக்கச் சொல்லிப் பார்த்து, அவர் வைக்காததால், கார்ஷ் கிட்டே போய் வாயில் இருந்து எடுத்துவிட்டுத் திரும்பி வந்து ஷட்டரை அமுக்கினார். அந்த முறைப்புதான் படம். 2016ல் இங்கிலாந்து ஐந்து பவுண்டு நோட்டில் அச்சானதும் அதே முகம்தான்.

ஒப்புக்கொள்கிறேன். நானும் ஒரு தடவை செய்து பார்த்தேன். மணப்பெண்ணின் அப்பிச்சி, அம்மாவைப் பெற்றவர், தொண்ணூறு வயது, முகத்தில் ஒவ்வொரு கோடும் ஏர் ஓட்டிய மாதிரி. வெற்றிலைப் பையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தார். கார்ஷ் ஞாபகத்தில் பையை மெதுவாக எடுத்தேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள், சர்ச்சில் பிச்சை வாங்க வேண்டும். ஆனால் நான் கேமராவைத் தூக்குவதற்குள் 'எங்கூட்டு விசேசத்துல எம்பையைப் புடுங்கறானே, இவன் யாருடா' என்று எழுந்து பந்திக்குப் போய்விட்டார். படம் இல்லை. பெண் வீட்டார் முன்னால் பையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றது நான்தான்.

இன்னொருவர் ஆனி லீபோவிட்ஸ் எடுத்த பீட்டில்ஸ் பாடகர் ஜான் லென்னன், அவர் மனைவி யோகோ ஓனோ படத்தைச் சொல்கிறார். 1980 டிசம்பர் 8ல் எடுத்தது, அன்று ராத்திரியே லென்னனைச் சுட்டுவிட்டார்கள். அதில் இரண்டு பேரும் சிரிக்கவில்லைதான், ஜோடிப் படத்துக்குச் சிரிப்பு கட்டாயம் இல்லை என்பதும் சரிதான். ஆனால் லென்னன் உடம்பில் பொட்டுத் துணி இல்லை. நம் ஊர் மாமனாரிடம் இதை மாதிரிப் படமாகக் காட்டிவிட்டு அட்வான்ஸ் வாங்க முடியுமா என்று அவர்தான் சொல்ல வேண்டும்.

ஜூலை 29

குடும்பப் படத்தில் யாராவது ஒருவர் கண்ணை மூடிவிடுகிறார் என்பவருக்கு: ஆஸ்திரேலியாவில் இதற்கே கணக்குப் போட்டு 2006ல் இக் நோபல், அதாவது சிரிக்கவும் யோசிக்கவும் வைக்கிற ஆராய்ச்சிக்கான பரிசு, வாங்கியிருக்கிறார்கள். இருபது பேருக்குக் கீழே என்றால், நல்ல வெளிச்சத்தில் தலைக்கணக்கை மூன்றால் வகுத்து அத்தனை தடவை எடுக்க வேண்டும். பன்னிரண்டு பேருக்கு நாலு. வெளிச்சம் மோசம் என்றால் இரண்டால் வகுக்க வேண்டும். நம் வீட்டு விசேசத்தில் இருபது பேரோடு நிற்காது, அறுபது பேர் ஏறி நிற்பார்கள். அதற்கு வழி, கண்ணை எல்லோரும் மூடச் சொல்லி, மூன்று எண்ணித் திறக்கச் சொல்லி அமுக்குவது. அப்போதும் சித்தப்பா ஒருவர் மூடியேதான் இருப்பார்.

ஆகஸ்ட் 3, ஆடிப்பெருக்கு

வெடியாலயே பவானி கூடுதுறைக்குப் போயிருந்தோம். வேலையாக இல்லை, வீட்டோடு. புதுசாகக் கட்டினவர்கள் தாலிக்கயிறு மாற்ற வந்து படித்துறை முழுக்கக் கூட்டம். அதில் நான் போன தையில் எடுத்த ஜோடி ஒன்று வந்து பேசியது. காரமடைப் பக்கம், பெண் வீடு. ஆல்பம் எப்படிங்க என்றேன். 'நல்லா இருக்குதுங்கண்ணா, பீரோவுல பத்திரமா இருக்குது' என்றது அந்தப் பெண். போனில் நேரம் பார்க்கும்போது முகப்புப் படம் தெரிந்தது. நான் எடுத்தது இல்லை. நிச்சயத்தன்று அவர் அக்கா பையன், எட்டு வயது, யாருடைய போனிலோ எடுத்தது. இடுப்பு உயரத்தில் இருந்து, சாய்ந்து, பாதி மங்கல், மேலே சீரியல் பல்பு எரிந்து கண் கூசுகிறது. அதில் இரண்டு பேரும் குனிந்து அந்தப் பொடியனைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். கையில் எதுவும் இல்லை. இரண்டு பேர் கையும் சும்மாதான் தொங்குகிறது.

வீட்டுக்கு வந்தும் அதேதான் ஓடிக்கொண்டிருக்கிறது. என்னிடம் இருந்தது ஒன்றே கால் லட்ச ரூபாய் செட்டு.

ஆகஸ்ட் 5

சரி, சொல்லக் கூச்சப்பட்டு இத்தனை நாள் விட்டதைச் சொல்லிவிடுகிறேன். 2016ல் ஒரு நிச்சயதார்த்தம் எடுத்து வந்து கார்டைப் போட்டால் ஒன்றுமே திறக்கவில்லை. ஒரே கார்டு, கிட்டத்தட்ட அறுநூறு படம். தப்பு முழுக்க என்னுடையது, இரண்டு கார்டு போடுகிற கேமரா வாங்கக் கஞ்சத்தனம் பட்டேன். அடுத்த நாள் பெண் வீட்டுக்குப் போய்த் திண்ணையில் உட்கார்ந்து சொன்னேன். அந்தப் பெரியவர் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் 'மோர் குடிக்கறீங்களா' என்றார். திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

ஒன்பது நாள் கழித்து அதே புடவை, அதே நகை, அதே மண்டபத்தில் மாப்பிள்ளை வீட்டாரையும் வரவழைத்து ஜோடிப் படம் மட்டும் திரும்ப எடுத்தோம். பூ வேறு, அவ்வளவுதான். நான் சொன்ன போஸும் பழையதே, எனக்கு வேறு தெரியாது. ஆனால் அந்தப் படங்கள் மாதிரி அதற்கு முன்னால் நான் எடுத்ததில்லை. பெண் மாப்பிள்ளையைப் பார்த்து 'மறுபடியும் கால் மாத்தி நிக்கறீங்க' என்று நக்கல் அடிக்கிறது, அவர் பதிலுக்கு ஏதோ முணுமுணுக்கிறார். நடுவில் நடந்தது ஒன்பது ராத்திரி போன் பேச்சு. காளை மாடும் இல்லை, கைக்கு வேறு வேலையும் இல்லை.

ஆகவே கோபித் தம்பி, ஜூலை 19ல் நான் அடித்துச் சொன்னதில் பாதியை வாபஸ் வாங்குகிறேன். நிச்சயத்தன்று தட்டு மாற்றுவது, ஒறம்பரை, பெரியவர்கள் இதை மட்டும் எடுத்து முடியுங்கள். ஜோடிப் படத்துக்கு ஒரு பத்து நாள் கழித்து அரை நாள் கேளுங்கள். முடியாது என்று சொல்லும் வீடும் இருக்கும், கல்யாணத்துக்கு முன்னால் ரெண்டு பேரையும் வெளியே அனுப்பவே மாட்டார்கள். அங்கே பெண்ணின் தோட்டத்திலேயே எடுங்கள், துணைக்கு ஒரு தங்கச்சியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை டீ குடிக்க அனுப்புங்கள். அனுப்புவதுதான் நம் வேலையில் கஷ்டமான பகுதி.

ஆகஸ்ட் 11

ஆடி முடியப் போகிறது. சும்மா இருந்ததில் வீட்டுப் பழைய நெகட்டிவ்களை ஸ்கேன் செய்தேன். என் அப்பா அம்மா, 1974, தாராபுரத்தில் ஒரு ஸ்டுடியோ. கல்யாணம் முடிந்து மூன்றாவது மாசம், அமுச்சிக்கு, அதாவது அம்மாவைப் பெற்றவளுக்கு, அனுப்ப ஒரு படம் வேண்டும் என்று சந்தைக்குப் போனவர்கள் எடுத்துக்கொண்டு வந்தது. அம்மா நாற்காலியில், அப்பா பக்கத்தில் நின்று நாற்காலி முதுகில் கை வைத்தபடி. பின்னால் படிக்கட்டும் பூந்தொட்டியும் வரைந்த திரை. இரண்டு பேர் முகத்திலும் ஈயாடவில்லை. இந்தப் படத்தை நான் தொழிலுக்கு வந்த நாளில் இருந்து கிண்டல் செய்துகொண்டிருக்கிறேன். எப்படி எடுக்கக் கூடாது என்று பையன்களுக்குக் காட்டுவேன்.

அது 120 ரோல், சதுர நெகட்டிவ், ஒரு ரோலில் பன்னிரண்டே படம். ஊட்டியில் 1967ல் உற்பத்தியைத் தொடங்கிய ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸின் 'இந்து' பிலிம் அந்தக் காலத்தில் நம் பக்கத்து ஸ்டுடியோக்களில் சாதாரணமாகப் புழங்கியது. விளக்கைப் போட்டு, ஷட்டர் மெதுவாகத் திறந்து மூடும் வரை அசையக் கூடாது. மூச்சுவிட்டாலே திட்டுவார்கள் என்பார் அப்பா. இன்றைக்கு நாம் ஒரு ஜோடியை எண்ணூறு தடவை அமுக்குகிறோம். அவர்களுக்குக் கிடைத்தது இரண்டு.

ஸ்கேனில் பெரிதாக்கிப் பார்த்தேன். அம்மா கண்ணுக்குக் கீழே நெகட்டிவில் பென்சிலால் தீட்டிய கோடுகள், அவ்வளவு மெல்லிசாக, யாரோ ஒருவர் லென்ஸ் வைத்து உட்கார்ந்து தீட்டியிருக்கிறார். அம்மாவின் கட்டை விரல் உள்ளங்கைக்குள் மடங்கி இருக்கிறது. அப்பாவின் இடது கை, நாற்காலி முதுகில் வைத்த கை, கொஞ்சம் கோணலாகத் திரும்பி மணிக்கட்டு கேமராவைப் பார்க்கிறது. அதில் ஒரு வாட்ச். எங்கள் வீட்டில் அப்பாவுக்கு வாட்ச் வந்ததே 1981ல்.

அம்மாவுக்கு போன் போட்டுக் கேட்டேன். 'அது உங்க மாமனோடதுடா கண்ணு. படத்துக்காக வாங்கிக் கட்டிட்டு வந்தாரு. அமுச்சி பாக்கோணும்னு கையைத் திருப்பித் திருப்பி வெச்சாரு, ஸ்டுடியோக்காரர் நேரா வெச்சுட்டுப் போக, மறுபடியும் திருப்பினாரு' என்றது. நீ என்ன நினைச்சுட்டு இருந்தே என்றேன். 'புதுச் செருப்பு கடிச்சுது.'

ஐம்பது வருசமாக அந்தக் கைக்கு வேலை இருந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை.

ஆகஸ்ட் 12

கோபித் தம்பி கேட்கிறார்: 'அப்ப வெறைச்சு நிக்கறதே சரின்னு சொல்றீங்களா, தப்புன்னு சொல்றீங்களா, ஒரு முடிவுக்கு வாங்கண்ணா.' வரமாட்டேன். ஆவணியில் நாலு நிச்சயம் கையில் இருக்கிறது, எடுத்துவிட்டு வருகிறேன்.

ஆகஸ்ட் 31

நேற்று வெள்ளகோவில் பக்கம் எடுத்தேன். மாப்பிள்ளை நீங்கள் சொன்ன கம்பம் ரகம், சுத்தமான கம்பம். ஜோடிப் படத்தைப் பத்து நாள் கழித்து வைத்துக்கொள்ளலாம் என்று பேசி வைத்திருந்தேன், சம்மதித்திருந்தார்கள். கிளம்பும்போது பெண்ணின் அமுச்சி கையைப் பிடித்து நிறுத்திவிட்டது. 'ஏனுங் தம்பி, சேர்ல புள்ளைய உக்கார வெச்சு, பையன் நிக்கற மாதிரி ஒண்ணு எடுக்கலியா?' என்றது. வழக்கமாக இப்படிக் கேட்டால், 'அது பழைய ஸ்டைலுங்க ஆத்தா' என்று சிரித்து நழுவிவிடுவேன்.

மர நாற்காலி ஒன்றைத் தேடி எடுத்து, ஆசாரத்தில், வீட்டுக் கூடத்தில், வடக்குப் பார்த்த சன்னல் பக்கம் போட்டேன். பெண் உட்கார்ந்தது. மாப்பிள்ளையிடம் ஒன்றுமே சொல்லவில்லை, நிற்கச் சொன்னேன், அவ்வளவுதான். அவராகவே நாற்காலி முதுகில் கையை வைத்தார், நிச்சய மோதிரம் தெரிகிற மாதிரி. வைத்துவிட்டு நான் பார்த்துவிட்டேனா என்று என்னைப் பார்த்தார். எட்டடி தள்ளி, 85ல், நாலே நாலு எடுத்தேன். யாருமே சிரிக்கவில்லை. அமுச்சி மட்டும் என் பின்னால் நின்று பொக்கை வாயோடு சிரித்துக்கொண்டிருந்தது.

ராத்திரியே மாப்பிள்ளை போன் செய்துவிட்டார். கல்யாண ப்ளெக்ஸுக்கு அந்த நாற்காலிப் படம்தான் வேண்டுமாம், பத்துக்கு எட்டு அடி. முகத்தை வெளுக்க வேண்டாம் என்று ப்ளெக்ஸ் கடையில் மூன்று தடவை சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். நாளைக்குப் போய்ப் பார்க்க வேண்டும்.